மாதா கோயில் வாசலில் நின்ற லேண்ட்மாஸ்டர்

தம்பி,

நீ வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்து சேர்வதற்குள் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். போனில் சொல்லத்தான் பார்த்தேன். ஒரு தரம் நீ மண்டபத்து லைட் செட்டிங் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். இன்னொரு தரம், "குரல் ஏம்மா ஒரு மாதிரி இருக்கு, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாய். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும். நீ பஸ் ஏறிவிட்டேன் என்றால் இறங்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. இறங்கிவிட்டேன் என்றால் ரோட்டைத் தாண்டினாயா என்று இருக்கும். கல்யாணத் தேதி குறித்ததிலிருந்து அது ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. இதைப் படிக்கும்போது என் பதற்றத்தைக் கழித்துவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்.

ரிசப்ஷனில் திரையில் போட வேண்டும் என்று போன லீவில் வந்தபோது வீட்டில் இருந்த பழைய போட்டோக்களையெல்லாம் நீ ஸ்கேன் செய்துகொண்டு போனாய். ஆட்களைத்தான் கேட்பாய் என்று நினைத்தேன். நீ வண்டிகளைக் கேட்டாய். நம் குடும்பத்தில் யாரும் கார் வைத்திருந்ததில்லை. ஆனாலும் படத்துக்குப் படம் ஒரு கார் நின்றது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என் ஞானஸ்நானப் படத்தில் பின்னால் நிற்பது பிரசவம் பார்த்த டாக்டரம்மாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றாய். சேசு மாமா பானெட்டில் கை ஊன்றி ஜமீன்தார் மாதிரி நிற்கும் படத்தைப் பார்த்து, "இது பியட்டு. மாமாவுக்கு ஏதும்மா பியட்டு?" என்று சிரித்தாய். மாமாவையே கேட்டோம். "ஓனர் டீ குடிக்கப் போயிருந்தான். அந்த கேப்புல எடுத்ததுடா மாப்ள," என்றார். நான் எல்லாவற்றையும் அம்பாசடர் என்று சொல்ல, நீ ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்கு எதைப் பற்றியும் கவலைப்படாமல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் என் அப்பா அம்மா கல்யாணப் படம் வந்தது. அதை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதுநகர் மாதா கோயில் படியில் இரவல் கோட்டில் அப்பா, பக்கத்தில் முக்காட்டுக்குள் அம்மா, சுற்றிலும் அம்மா வீட்டுச் சனங்கள். இடது ஓரத்தில், கேட்டுக்கு வெளியே, ஒரு காரின் பின்பாதி. அதை யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததே இல்லை. சாமியாரைப் பார்க்க வந்தவர்கள் யாராவது நிறுத்தியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். நீதான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இது அம்பாசடர் இல்லம்மா. அதுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் வால் மாதிரி தூக்கி இருக்கும். இது வழவழன்னு எறங்குது பாருங்க. லேண்ட்மாஸ்டர். அம்பாசடருக்கு முன்னாடி வந்த வண்டி." அப்புறம் லீவு முடிந்து போன நீ ஒரு வாரம் கழித்து இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினாய். ஒன்று இந்தக் கல்யாணப் படம். மற்றொன்று, அப்பா சிதம்பரத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த ஒரே படம். காலேஜ் வயதில் தங்கள் வீட்டுக் காரின் பின்பக்க பம்பரில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டிலும் வலது பக்கத்துப் பின்விளக்கு மட்டும் வேறு மாதிரி. ஏதோ லாரி விளக்கு போல உருண்டையாக, கொஞ்சம் துருத்திக்கொண்டு. நம்பர் பலகையின் கடைசி இரண்டு எண்களும் ஒன்று. கல்யாணப் படத்தில் அந்தக் காரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மேலே "வந்துட்டாங்க" என்று நீ எழுதியிருந்தாய்.

நீ சந்தோஷத்தில் போன் செய்தாய். "தாத்தா கல்யாணத்துக்கு அவர் வீட்டு ஆளுங்க வந்திருக்காங்கம்மா. உள்ள யாரோ ஒக்காந்துகூட இருக்காங்க, வெள்ளையா தெரியுது பாருங்க." நான் "யார் வண்டியோ, விடு," என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். காரணத்தை இப்போது சொல்கிறேன்.

அப்பா குடும்பத்துக்குச் சிதம்பரத்தில் அரிசி மண்டி இருந்தது உனக்குத் தெரியும். கீழ வீதிக்குப் பக்கத்தில் பெரிய வீடு. கோயில் மணி அடித்தால் வீட்டுக்குள் கேட்கும் என்பார். முதுநகர் துறைமுக ஆபீசில் வேலைக்கு வந்த இடத்தில் அம்மாவைப் பார்த்து, ஞானஸ்நானம் வாங்கி வேதத்தில் சேர்ந்து கட்டிக்கொண்டார். அத்தோடு அந்த வீட்டுக் கதவு அவருக்கு அடைபட்டுவிட்டது. அதைப் பற்றி அவர் பேசியது ஒரே ஒரு முறை, என் கல்யாணத்தன்று. பந்தியில் உங்கப்பா வீட்டு ஆட்கள் நிறைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, "என் கல்யாணத்துக்கு எங்க பக்கத்துலேர்ந்து ஒரு ஈ காக்கா வரல," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, பரிமாறிக்கொண்டே சொன்னார். அப்படி நினைத்துக்கொண்டேதான் இறந்தும் போனார். இப்போது நீ வண்டி வந்தது என்கிறாய். வந்த வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. யாரும் இறங்கவில்லை. வந்துவிட்டார்கள் என்பதில் உனக்கு மகிழ்ச்சி. எதற்கு வந்தார்கள் என்பதில்தான் எனக்குத் திகில்.

அதற்கு ஒரு காரணம், நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகும் நித்யா. இந்தக் கல்யாணம் பிடிக்காமல் அவள் வீட்டில் அவள் தாய்மாமா ஒருவரைத் தவிர யாரும் நம்மோடு பேசவில்லை. அவள் அப்பா விருத்தாசலத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். திட்டினால்கூட இன்ன நினைப்பில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். பேசாதவரை என்ன செய்வது? நீ அந்தச் சிவப்பு வட்டத்தை அனுப்பிய பிறகு, கோயில் வாசலில் ஒரு வண்டி நிற்பது போலவே எனக்கு இருந்தது. சமையல் செய்யும்போதும் அதே நினைப்பு. உங்கப்பாதான் பொறுக்க முடியாமல் சொன்னார்: "சிதம்பரம் என்ன சீமையிலயா இருக்கு? போயி கேட்டுட்டு வந்துடலாம் வா. இல்லன்னா நீயும் தூங்கப்போறதில்ல, என்னையும் தூங்க விடப்போறதில்ல."

அவரோடு கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் சிதம்பரத்துக்காரர். அவர் விசாரித்துச் சொன்னார்: மண்டி மூடிப் பல காலமாகிவிட்டது, ஆண்பிள்ளைகள் யாரும் இப்போது இல்லை, கடைசித் தங்கை தனலட்சுமி மட்டும் மேல வீதிப் பக்கம் மகனோடு இருக்கிறார் என்று. அப்பாவுக்குத் தங்கை உண்டு என்பதே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உன்னிடம் சொல்லாமல் நாங்கள் பஸ் ஏறினோம். சிப்காட் தாண்டும்வரை உங்கப்பா தன் பழைய கம்பெனி கேட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஆலப்பாக்கத்திலேயே திரும்பிவிடலாமா என்று கேட்டேன். புதுச்சத்திரத்திலும் கேட்டேன். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும், "இனிமே கேட்டா நானே எறங்கிடுவேன்," என்றார்.

கதவைத் திறந்தது அத்தையின் மகன் குமார். தெற்கு வீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். நான் இன்னார் மகள் என்றதும் அவர் முகம் இறுகிவிட்டது. "எதுக்குங்க இப்ப அதெல்லாம்? அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல," என்று வாசலிலேயே நின்றார். சொத்துக் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். உள்ளேயிருந்து, "யாரு குமாரு?" என்று குரல் வந்தது. அவர் பதில் சொல்வதற்குள் நான் உரக்க அப்பா பேரைச் சொல்லிவிட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. பிறகு, "உள்ள விடு," என்று மட்டும் கேட்டது.

அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நெத்தி அப்பிடியே அண்ணன் நெத்தி," என்றார். நான் கையோடு கொண்டுபோயிருந்த கல்யாணப் படத்தையும், போனில் நீ பெரிதாக்கி அனுப்பியிருந்ததையும் காட்டி, "இது உங்க வீட்டு வண்டியா அத்தை?" என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வெளக்கப் பாத்தாலே தெரியுதே. மண்டி வாசல்ல மாட்டு வண்டி இடிச்சி ஒடஞ்சது. டிரைவரு பாண்டிலேர்ந்து ஒண்ண வாங்கியாந்து மாட்டுனாரு." "அன்னிக்கு எதுக்கு வந்துது?" என்றேன். அத்தை மகனைப் பார்த்து, "குமாரு, செத்த டிவிய நிறுத்து," என்றார்.

"அண்ணனக் கூட்டிட்டுப் போறதுக்கு வந்தோம் கண்ணு," என்று ஆரம்பித்தார். "அப்பா, டிரைவரு, மண்டியில மூட்ட தூக்குற ரெண்டு ஆளு, நானு. அப்பாவுக்கு நல்லாத் தெரியும், அவரு எறங்கினா அண்ணன் வரமாட்டான். கோயில்ல அத்தினி பேருக்கு முன்னால தகராறு பண்றதும் அவருக்கு அசிங்கம். அதுக்குத்தான் என்னக் கூட்டியாந்தாரு. வழி பூரா சொல்லிக் குடுத்துகிட்டே வந்தாரு. உள்ள போயி அண்ணன் கையப் புடிச்சிகிட்டு அழு. அம்மாவுக்குப் பேச்சு மூச்சில்ல, ஒன்னத்தான் கேக்குது, ஒருதரம் பாத்துட்டு வந்துடுன்னு சொல்லு. அவன் வண்டிகிட்ட வந்தாப் போதும், மீதிய நாங்க பாத்துக்கறோம்னாரு. நான் கூப்புட்டா அண்ணன் வந்துடுவான். அது ஊருக்கே தெரியும். என்னய தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் அவன்."

"உங்க அம்மாவுக்கு நெசமாவே முடியலியா?" என்று உங்கப்பா கேட்டார். "இல்ல. வெளிய கெளம்பறப்ப நல்லாத்தான் இருந்துது. நாங்க எங்க போறோம்னே அதுகிட்ட சொல்லல," என்றார் அத்தை. "வண்டி நின்னுச்சு. எறங்குன்னாரு. நான் எறங்கல. முன் சீட்டப் புடிச்சிகிட்டேன். மெரட்டுனாரு, அப்பறம் கெஞ்சுனாரு. எங்கப்பா கெஞ்சி நான் அன்னிக்குத்தான் பாத்தேன். உள்ள பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. செத்த நேரத்துல எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. போட்டோக்காரரு படியில நிக்க வச்சாரு. அண்ணன் சிரிச்சிகிட்டிருந்தான். நான் கண்ணாடி வழியா பாத்துகிட்டே இருந்தேன். அப்பா, எடுறா வண்டியன்னு சொல்லிட்டாரு. அவ்ளோதான். நான் எறங்கல. வேற ஒண்ணும் பண்ணல நானு."

அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவருக்கு என்ன நடந்தது என்பதையும் நான்தான் கேட்டேன், அவராகச் சொல்லவில்லை. அவர் அப்பா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்த மாதமே பள்ளிக்கூடத்தை விட்டும் நிறுத்திவிட்டார்கள். வயது வந்ததும் கிடைத்த இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. குமார் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு அத்தை என்னை ஒன்று கேட்டார். அதற்குத்தான் நான் பஸ்ஸில் வரும்போதிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். "அண்ணன் என்னப் பத்திப் பேசுவானா?" பேசுவார் என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும், தம்பி? உங்கப்பா என்னைப் பார்த்தார். நான், "பேசினதில்ல அத்தை," என்றேன். அவர் தலையை ஆட்டினார். "பேசியிருக்க மாட்டான். நானும் அவன மறந்துட்டேன்னு நெனச்சிருப்பான். ஒருதரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். கையில சின்னப் பொண்ணு ஒண்ணு, நீயாத்தான் இருக்கணும். கிட்ட வரைக்கும் வந்துட்டேன். அவன் என்னப் பாத்தான், நான் வளந்துட்டேன்ல, அடையாளம் தெரியல. நான் போறதுக்கு வழி வுடச் சொல்றேன்னு நெனச்சி, ஒதுங்கி எடம் வுட்டான். நான் போயிட்டேன்." இதைச் சொல்லும்போதும் அவர் அழவில்லை. எனக்குத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். காரின் கண்ணாடியில் வெள்ளையாகத் தெரிவது நீங்களா என்று கேட்டதற்கு, "அத எப்பிடிச் சொல்றது? வெயில் பட்டிருக்கும்," என்றார். அவர் விரல் அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

உன் கல்யாணத்தைப் பற்றி எல்லாம் விவரமாகக் கேட்டார். நித்யா வீட்டு விஷயத்தையும் நான் மறைக்கவில்லை. அவள் அப்பா பேசாமல் இருப்பது, எனக்கு இருக்கும் பயம், எல்லாம் சொன்னேன். அத்தை நித்யாவின் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்தப் பொண்ணுக்குத் தங்கச்சி தம்பி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். தங்கை ஒருத்தி இருக்கிறாள், காவ்யா என்று பேர், காலேஜில் படிக்கிறாள், அக்கா போனை எடுப்பதில்லை என்றேன். "நீங்க யாராவது அவகிட்ட பேசினீங்களா?" இல்லை என்றேன். "பேசு கண்ணு. பெரியவங்க கோவத்தப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. சின்னதுக்கு என்ன வேணும்னு யாரும் கேக்க மாட்டாங்க."

நாங்கள் புறப்படும்போது குமார் வீதி முனை வரை வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு, உங்கப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கல்யாணம் எத்தன மணிக்கு? அம்மாவுக்குப் படி ஏற முடியாது. நான் முன்னாடியே கூட்டியாந்துடறேன்," என்றார். வந்தபோது எங்களை வாசலில் நிறுத்தியவர் அவர்தான்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். ரிசப்ஷனில் அந்தப் படத்தைப் போடு. ஆனால் நீ போட்ட சிவப்பு வட்டத்தையும் "வந்துட்டாங்க" என்ற எழுத்தையும் எடுத்துவிடு. அத்தை வரும்போது அதை எல்லாருக்கும் முன்னால் கேள்வி கேட்டு விளக்கச் சொல்லாதே. லேண்ட்மாஸ்டரைப் பற்றி உனக்கு ஆயிரம் கேட்கத் தோன்றும், எனக்குத் தெரியும். அவர் விரும்பினால் பிறகொரு நாள் அவர் வீட்டுக்குப் போய்க் கேள். இன்னொன்று. கல்யாணத்தன்று கோயில் வாசலில் நமக்குத் தெரியாத வண்டி எது நின்றாலும் உன் சிநேகிதர்களைச் சூழ்ந்துகொள்ள விடாதே. உங்கப்பாவிடம் சொல். அவர் போய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். உள்ளே யார் இருக்கிறார்கள், எந்த மனசோடு இருக்கிறார்கள் என்று வெளியே நிற்கும் நமக்கு எப்படித் தெரியும்? வண்டி எந்த மாடல், எந்தக் காலத்தது என்பதை நீ படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறாய். எனக்கு அது பெருமைதான். ஆனால் அதில் வந்தவர்களை அவர்கள் வாயால் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். அவசரப்பட்டு நல்லது என்றும் நினைக்காதே, கெட்டது என்றும் நினைக்காதே. நான் கெட்டதாகத்தான் நினைத்தேன். அது சரியாகவும் இருந்தது. ஆனால் அதே வண்டிக்குள் பின் சீட்டில் அந்தச் சின்னப் பெண் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று நித்யாவிடம் நம்பர் வாங்கி காவ்யாவுக்குப் போன் செய்தேன். உன்னிடம் கேட்காமல் செய்ததற்குக் கோபப்படாதே. நான் யார் என்று சொன்னதும் அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பேசவும் இல்லை. பின்னால் டிவி சத்தம் கேட்டது, பிறகு அது குறைந்தது. வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும். நான் நித்யாவின் புடவைக்கு ஜாக்கெட் சரியாக அமையாததையும், அவள் இளைத்துப்போயிருப்பதையும் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் வைத்துவிடக் கூடாதே என்று. கடைசியில், "ஒனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். அதை இன்னும் கொஞ்சம் பக்குவமாகக் கேட்டிருக்கலாம். மெல்லிய குரலில், "அப்பா வரமாட்டாரு ஆன்ட்டி. நான் மட்டும் வந்தா யாரோட ஒக்காருவேன்?" என்றாள்.

"என்னோட," என்றேன்.

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வைத்துவிட்டாள். விருத்தாசலத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறி வருவாளா, வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று இப்போதிலிருந்தே எனக்குக் கவலை. ஆனாலும் இன்று காலை கோயிலுக்குப் போய் முன் பெஞ்சைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓரத்தில் அத்தை, கால் நீட்ட வசதியாக. நடுவில் நான். எனக்கு அந்தப் பக்கம் காவ்யாவுக்கு. பாட்டு தொடங்கிவிட்டாலும் சரி, அங்கே வேறு யாரையும் உட்கார விடமாட்டேன்.

பத்திரமாக வா.

அம்மா